இருநூற்று அறுபத்தெட்டுப் புள்ளிகள்

வண்ணார்பேட்டையில் சங்கிலிபூதத்தானின் கடைப் பலகையில் 'மோட்டார் காயில் கட்டப்படும்' என்று மட்டும்தான் இருந்தது. பேர் எழுத இடம் பத்தவில்லை. ஆனாலும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் விவசாயிகள் அதை வண்டியில் ஏற்றி, வழியில் யாரிடமும் விசாரிக்காமல், நேரே அவர் கடை வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவார்கள்.

அவர் கை அப்படி. எரிந்த கம்பியை உருவிப்போட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே வந்தவரிடம் மழையைப் பற்றிப் பேசுவார், மாட்டைப் பற்றிப் பேசுவார். பேச்சு முடிகிறபோது சுற்றும் முடிந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடியிருக்காது, ஒன்று குறைந்திருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், திசை. ஒரே ஒரு காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டால் போதும். மோட்டார் உறுமும், ஓடாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி புகைந்துவிடும். இருபது வருஷத்தில் அவர் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

1986-ல் அவருக்கு முப்பது வயது. இருமலில் ரத்தம் வந்தது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, காசநோய் என்றார்கள். இரண்டு மாசம் ஊசி, ஒரு வருஷம் மாத்திரை. மூன்றாம் மாசமே உடம்பு தேறிவிட்டது. "இனி எதுக்கு இந்தச் சனியன்?" என்று மாத்திரையைத் தள்ளி வைத்தார். மனைவி பேச்சியம்மாள் விடவில்லை. செம்பில் தண்ணீரோடு எதிரே நின்று, அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அடுப்படிக்குப் போவாள். வருஷம் முழுக்க அப்படி நின்றாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

தம்பி அப்பாத்துரைக்கு அப்படி நிற்க ஆள் இல்லை. அவன் திசையன்விளையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தான். 91-ல் அதே நோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டான், இருமல் நின்றது, விட்டுவிட்டான். திரும்ப வந்தது, திரும்பச் சாப்பிட்டான், திரும்ப விட்டான். மூன்றாம் தடவை சாப்பிட்டபோது மாத்திரை கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு, சீவலப்பேரிக்கே அழைத்து வந்துவிட்டார்கள். பேச்சியம்மாள்தான் கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள். 93 பங்குனியில் அவன் போனான். ஒரே மாத்திரைதானே, அண்ணனைக் காப்பாற்றியது தம்பியை ஏன் கைவிட்டது என்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டாலும் சொல்ல ஆள் ஏது?

98 ஐப்பசியில் ஒருநாள் ஞானசிகாமணி சார் கடைக்கு வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். முருகன்குறிச்சியில் வீடு, அந்த வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சங்கிலி இரண்டு தடவை கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை மோட்டார் கொண்டுவரவில்லை. கையில் ஒரு கட்டுக் காகிதம். பெஞ்சில் உட்கார்ந்து, சங்கிலி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணாம எப்படி வே சுத்துதீரு?"

"எண்ணிக்கிட்டுதான் சார் இருக்கேன். வாய் உங்ககிட்ட பேசுது. விரல் அது பாட்டுக்கு எண்ணுது."

சார் காகிதத்தை விரித்தார். கம்ப்யூட்டரில் அடித்த தாள், பக்கம் பக்கமாக வெறும் எண்கள்.

"இது ஒரு நொதி. உசுருள்ள ஒண்ணுக்குள்ள வேலை செய்யுத கருவின்னு வச்சுக்கிடும். பாத்தா ஒரு சங்கிலிதான், உம்ம பேருதான் அதுக்கும். இருநூத்தி அறுபத்தெட்டு மணி. ஒவ்வொரு மணியும் எந்த இடத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. எங்கிட்ட படிச்ச பொண்ணு சித்ரலேகா இப்போ பெங்களூர்ல ஆராய்ச்சி பண்ணுதா, அவதான் அனுப்பினா. அங்கன கம்ப்யூட்டர் திரையில இது கலர் கலரா திரும்பிக் காட்டுமாம். எங்க காலேஜ் கம்ப்யூட்டர் எண்ணுதான் காட்டும். பிள்ளைகளுக்கு நான் எண்ணைக் காட்டி என்ன செய்ய? கம்பியில வளைச்சுத் தருவீரா?"

"எப்படி வளைக்கணும்?"

"ஒரு மணிக்கும் அடுத்ததுக்கும் மூணு புள்ளி எட்டு சென்டிமீட்டர். அது மாறாது. மாறுதது ரெண்டுதான். எத்தனை டிகிரி மடக்கணும், எத்தனை டிகிரி திருகணும். அதை நான் கணக்குப் போட்டுத் தாரேன்."

சங்கிலி தாளை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் புரட்டினார். "இதைக் கட்டினா என்ன சார் ஓடும்?"

"உசுரு ஓடும் வே" என்றார் சார்.

அது மழைக் காலம். குளமும் கால்வாயும் நிரம்பி, மோட்டார் ஓட்டுகிறவர்களே இல்லை. கடையில் வேலை குறைவு. சங்கிலி சரி என்றார்.

முதலில் தன்னிடம் இருந்த தடித்த செம்புக் கம்பியில் ஆரம்பித்தார். அறுபது மணி வளைத்ததும் தன் பாரத்திலேயே அது தொய்ந்தது. தூக்கிப் போட்டுவிட்டு ஜி.ஐ. இரும்புக் கம்பி வாங்கினார். அது விறைப்பானது, மடக்கின இடத்தில் நிற்கும். பழைய மோட்டார் மூடி ஒன்றை எடுத்து அதன் விளிம்பில் டிகிரி கோடு கீறி, ஒரு முள்ளும் பொருத்தினார். அதை வைஸ் இடுக்கியில் பூட்டி, நடுவில் கம்பியைச் செருகினால், இவ்வளவு திருகு, இவ்வளவு மடக்கு என்று முள் காட்டும். அந்தக் கருவியைச் செய்யவே ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணிகள் வளைப்பார். ஒரு டிகிரி பிசகினாலும் அடுத்தடுத்து அது பெருகி நூறாவது மணியில் சாண் கணக்கில் விலகிவிடும். அதனால் சார் இடையிடையே அளவு தந்திருந்தார். இந்த மணிக்கும் அந்த மணிக்கும் நடுவே இத்தனை சென்டிமீட்டர் என்று. ஸ்கேல் வைத்து, பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி வளைப்பார்.

வளைக்க வளைக்கக் கம்பியில் ஓர் ஒழுங்கு வந்தது. கொஞ்சத் தூரம் நேராக நீண்டு போகும். அப்புறம் ஒரு திருப்பம். பிறகு அச்சாகச் சுருள், ஏதோ அவரே காயில் சுற்றிய மாதிரி. திரும்ப நேர், திரும்பச் சுருள். சுருள்கள் எல்லாம் ஒரே கைப்பக்கம் சுற்றின. இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

மூன்றாம் பக்கத்தில் பாதி தாண்டியதும் கை நின்றுவிட்டது.

கம்பி, ஏற்கெனவே வளைத்திருந்த நேர் இழைகளில் ஒன்றை ஊடுருவிக்கொண்டே போகப் பார்த்தது. அதுகூடப் பரவாயில்லை, சரிபார்த்துத் திருத்தலாம். ஆனால் இந்தச் சுருள் எதிர்க்கையாகச் சுற்றியிருந்தது. சார் எழுதித் தந்த எண்ணுக்கு எண் அப்படியே வளைத்ததுதான். இரண்டு தடவை அளந்து பார்த்தார். எண் சரி. சுருள் தப்பு.

மறுநாள் காலையில் கம்பியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சிக்குப் போனார்.

"சார், இந்த ஒரு காயில் எதிரா சுத்துது."

"எண்ணைப் பாத்து வளைச்சீரா?"

"எண்ணைப் பாத்துத்தான் வளைச்சேன். எண்ணுதான் சார் தப்பு."

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. எட்டாம் வகுப்பு படித்தவன் ஒரு புரொபசரிடம் சொல்கிற பேச்சா? சார் கோபிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுருளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் போடவில்லை; கல்லூரியில் கரண்ட் இல்லாத நாளில் வீட்டில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டிருந்தார். கால் மணி நேரம் கணக்கை மறுபடி போட்டார். பென்சில் மட்டும் ஓடியது. பிறகு நோட்டை மூடிவிட்டுச் சங்கிலியை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் யாரையும் அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"நான் கணக்குல வரிசையை முன்னும் பின்னுமா மாத்திப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் முழுக்கக் கூட்டல் எல்லாம் கழித்தலாகிப்போச்சு. கண்ணாடியில பாத்த மாதிரி எல்லாம் எதிர்க்கை. உமக்கு எப்படி வே தெரிஞ்சது?"

"மத்த சுருள் எல்லாம் ஒரு கைதானே சார். இது மட்டும் எப்படி மாறும்? மாறினா ஓடாதே."

சார் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கேளும். இந்தச் சுருள் இதுல மட்டும் இல்லை. உம்ம ரத்தத்துல இருக்கு, உம்ம தலைமுடியில இருக்கு. ஆட்டுல, மீன்ல, அரச மரத்து இலையில இருக்கு. எல்லாத்துலயும் இந்தக் கைதான். இவ்வளவு நீளத்துக்கு எதிர்க்கையா சுத்தினதை நான் எங்கயும் படிச்சதே இல்லை. உலகத்துல உசுருன்னு ஒண்ணு வந்த நாள்லேருந்து ஒரே கைச்சுத்து. அதை நீரு படிக்காம, விரல் வச்சுக் கண்டுபிடிச்சிருக்கீரு."

சங்கிலி தன் கையைப் பார்த்துக்கொண்டார். வார்னிஷ் கறை படிந்த விரல்கள். அந்தத் தோலுக்குள், அந்த நகத்துக்குள், எண்ணி முடியாத சுருள்கள் இதே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தபோது கை தன்னுடையது இல்லை என்பது போல ஒரு கூச்சம் வந்தது. இருபது வருஷமாகக் காயில் சுற்றினோமே, நம்மைச் சுற்றியது யார்?

"இது எந்த உசுரோடது சார்?" என்று கேட்டார். இத்தனை நாளும் கேட்கத் தோன்றவில்லை.

"காசநோய்க் கிருமி."

சங்கிலி சாக்கைக் கீழே வைத்தார்.

சாருக்கு ஒன்றும் தெரியாது. சங்கிலிதான் சொன்னார், தனக்கு வந்ததை, அப்பாத்துரைக்கு வந்ததை. சார் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எனக்குத் தெரியாமப் போச்சு. வேண்டாம்னா விட்டுரும் வே. நான் வேற ஏதாச்சும் பாத்துக்கிடுதேன்" என்றார்.

சங்கிலி கம்பியைக் கையில் எடுத்தார். அந்தக் கம்பியின் மேல் கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மூணாம் பக்கத்தைச் சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

சார் சரிசெய்து தந்ததோடு இன்னொன்றும் சொன்னார். தொண்ணூற்று நான்கு, நூற்று நாற்பத்தொன்பது, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்தைந்து, இந்த நான்கு மணிக்கும் சிவப்பு அடையாளம் போட வேண்டும். சங்கிலி மோட்டார் கம்பிக்கு மாட்டுகிற சிவப்புக் குழாயை அரை அங்குலமாக வெட்டி அந்தந்த இடத்தில் செருகினார். கம்பியில் தொண்ணூற்று நான்குக்கும் நூற்று நாற்பத்தொன்பதுக்கும் நடுவே இரண்டு மீட்டர் தூரம். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் விளங்கியது. பத்து மீட்டர் கம்பியும் மடங்கி மடங்கி, ஒரு பூசணிக்காய் அளவுக்கு அடங்கியது. நடுவில் ஏழு நேர் இழைகள், பாய்க் கோரை போலப் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு பக்கமும் சுருள்கள் அணைத்து நின்றன. நேர் இழைகள் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் வாயில், ஒரு சாணுக்குள், நான்கு சிவப்பும் வந்து கூடியிருந்தன. ஒன்று கிழக்கே போய், ஒன்று மேற்கே போய், சுற்றி, வளைந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே வாசலுக்கு வந்து நின்றன. அவர்தான் வளைத்தார். ஆனால் அவர் அப்படி வளைக்கவில்லை. எண் சொன்னதை மட்டும் செய்தார். வாசல் தானாக வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்துவிட்டார்.

தை பிறந்ததும் மோட்டார்கள் வரத் தொடங்கின. கடைக்குள் நடக்க இடமில்லை. எவனாவது மோட்டாரின் கனத்த ஸ்டேட்டரைத் தூக்கி மேலே வைத்துவிடுவானோ என்று பயந்து, கம்பியை வீட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் குனிந்து பார்த்தான். "என்ன அண்ணாச்சி, நண்டு புடிக்கிற கூடா?"

"இல்ல தம்பி, இதுக்குள்ளதான் நாம மாட்டுவோம்" என்றார் சங்கிலி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பஸ் குலுங்குகிறபோதெல்லாம் இரண்டு கையாலும் அதைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் நெல் குதிருக்குப் பக்கத்தில் வைத்தார். பேச்சியம்மாள் வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். யாருக்கு என்று கேட்டாள். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டார்.

அவள் முகம் இறுகிப்போயிற்று.

"அப்பாத்துரையைத் தின்னதையா மடியில வச்சுக் கொண்டாந்திருக்கிய?"

"இது வெறும் கம்பிதான் பேச்சி. படம் மாதிரி."

"அவன் கடைசியா கண்ண மூடினது இந்த மூலையிலதான். வெளிய கொண்டு வைங்க."

அவர் எடுத்துக் கொல்லையில் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சார் காசநோய் மாத்திரையின் அளவையும் தந்திருந்தார். சங்கிலி மெல்லிய செம்புக் கம்பியில் அதை வளைத்தார். ஆறு மூலை வளையம் ஒன்று, அதிலிருந்து ஒரு சிறு வால். மொத்தம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. பள்ளத்துக்குள், சார் தந்த அளவில் ஏற்கெனவே அவர் வைத்திருந்த இன்னொரு செம்புக் கம்பி நீளமாக, வளைந்து படுத்திருந்தது. நொதி வேலை செய்ய அது துணைக் கருவி. மாத்திரை போய் அந்தக் கருவியோடு ஒட்டிக்கொள்கிறது என்று சார் படம் வரைந்து காட்டியிருந்தார். நூற்று நாற்பத்தொன்பதாம் மணியில் கதவு மாதிரி ஒரு குட்டி வளையம், அது விலகி இடம் கொடுக்கும். சங்கிலி அதைச் சுழலுகிற மாதிரியே பொருத்தியிருந்தார். இப்போது மாத்திரையை உள்ளே நுழைத்தார். கதவு விலகியது. பள்ளத்தில் அது போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், காலகாலமாக அங்கேயே இருந்தது போல இருந்தது.

பின்னால் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அது என்ன?"

"நீ நின்னு விழுங்க வச்சியே, அந்த மாத்திரை. பத்துக் கோடி மடங்கு பெருசாக்கினது. முழு மாத்திரை இல்லை, அதுல ஒரு துணுக்கு. முழு மாத்திரையை இதே மாதிரி பெருசாக்கினா இங்கனயிருந்து மெட்ராஸைத் தாண்டிப் போகுமாம், சார் சொன்னாரு."

அவள் குந்தி உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள், தொடவில்லை.

"இங்கன போய் உக்காந்துக்கிட்டா?"

"அந்தக் கிருமிக்கு மெழுகு மாதிரி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவருக்குச் சாமான் செய்யுதது இந்தக் கருவிதான். கருவி அடைச்சுக்கிட்டா சுவர் கிடையாது. சுவர் இல்லைன்னா அது செத்துப்போகும்."

பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வீட்டில் ஆறு வருஷமாக யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்போ உங்க தம்பிக்கு மட்டும் ஏன் உக்காரலை?"

அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே சாரிடம் போனார்.

சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அவருக்குள்ள என்ன நடந்ததுன்னு நான் பாத்தது மாதிரி சொல்ல மாட்டேன். யாரும் சொல்ல முடியாது. ஆனா இப்படி நடக்கும்னு தெரியும்" என்று ஆரம்பித்தார்.

"நாம விழுங்குத மாத்திரை மொட்டைக் கத்தி, சங்கிலி. அது நேரா இந்தப் பள்ளத்துல உக்காராது. அதைக் கூர் தீட்டணும். தீட்டுதது யார் தெரியுமா? அந்தக் கிருமியேதான். அதுகிட்ட இன்னொரு நொதி இருக்கு. நம்ம உடம்பு அதைத் தாக்கும்போது தன்னைக் காப்பாத்திக்கிட வச்சிருக்குத நொதி. அதுதான் தெரியாத்தனமா மாத்திரையைத் தொட்டுக் கூர் ஆக்கிவிடுது. தன் கையால தீட்டின கத்தியில தானே சாகுது."

சங்கிலி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். சார் தொடர்ந்தார்.

"நாற்பத்தி அஞ்சு வருஷத்துக்கு மேல இந்த மாத்திரையைக் குடுக்கோம். கோடிக்கணக்கான பேர் பிழைச்சாங்க. ஆனா அது உள்ள போய் எங்கன, எப்படி உக்காருதுன்னு போன வருஷம்தான் கண்ணுல காட்டியிருக்காங்க. அதுவும் எக்ஸ்ரேதான். உம்ம நெஞ்சை எடுத்தாங்களே, அதே எக்ஸ்ரே. நொதியைப் பளிங்காக்கி அது வழியா எக்ஸ்ரேயை விட்டு, சிதறி வந்த புள்ளியை எல்லாம் கணக்குப் பண்ணி..."

"தம்பிக்கு, சார்?"

"சொல்லுதேன். நெஞ்சுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி. அதுல ஒண்ணு ரெண்டு, அந்தத் தீட்டுத நொதி கெட்டுப்போனதா பிறந்திருக்கும். அதுகிட்ட மாத்திரை மொட்டையாவே கிடக்கும். இல்லைன்னா இந்தப் பள்ளத்துலயே, நீரு சிவப்பு போட்டீரே தொண்ணூத்தி நாலு, அந்த ஒரு மணி மாறியிருக்கும். வேற மருந்தையும் சேத்து, விடாம ஒரு வருஷம் சாப்பிட்டா அதுவும் செத்துப்போகும். நடுவுல விட்டுவிட்டுச் சாப்பிட்டா மத்ததெல்லாம் சாகும், அந்த ஒண்ணு ரெண்டு மட்டும் மிஞ்சும். அப்புறம் இடம் பூரா அதோட பிள்ளைக."

சங்கிலி வீட்டுக்கு வந்து இதை அப்படியே பேச்சியம்மாளிடம் சொன்னார். மொட்டைக் கத்தி, தீட்டுகிற கை, மிஞ்சின ஒன்றிரண்டு. கொல்லையில் கம்பி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் புளியை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் விட்டுட்டான்னு எனக்குத் தெரியும். ரெண்டாந்தடவை லெட்டர்ல எழுதியிருந்தான், 'மதினி, உடம்பு நல்லாயிருக்கு, மாத்திரையை நிப்பாட்டிட்டேன்'னு. நானும் சந்தோசப்பட்டேன். போய் நின்னிருக்கணும்."

"திசையன்விளைக்கு நீ எப்படிப் போய் நிப்ப?"

"நின்னிருக்கணும்" என்றாள் மறுபடி. கொஞ்சம் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த பிறகு அவளே எழுந்து போய் அந்தக் கம்பியை எடுத்து, தூசி தட்டி, வீட்டுக்குள் கொண்டுவந்து குதிருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோவப்படலாம்னு பாத்தா இம்புட்டு வேலைப்பாடா இருக்கே, நான் என்ன செய்ய?"

அவருக்கும் அதுதான். இத்தனை நாளும் தன்னுடைய குற்றம் போல ஒளித்து வைத்திருந்ததை அவள் வாயால் கேட்டதும் நெஞ்சு லேசானது.

மாசிக் கடைசியில் கல்லூரியில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சித்ரலேகா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய கலர்த் தாள், அவள் கம்ப்யூட்டர் திரையில் தெரிவதை அச்செடுத்தது. பெட்டிக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு, தாளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடி மேல் விரல் வைத்து ஒவ்வொரு சுருளாக எண்ணினாள். பெட்டியைக் கொஞ்சம் திருப்பச் சொன்னாள். தாளில் இருந்த அதே கோணம் வந்ததும் தாளைக் கீழே இறக்கினாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல சார் பண்ணினீங்க?" என்று ஞானசிகாமணியிடம் கேட்டாள்.

சார் சங்கிலியின் தோளில் கை வைத்தார். "இவருதான்."

பிள்ளைகள் கூடி நின்றார்கள். இரண்டு வார்த்தை பேசும்படி சார் சங்கிலியைக் கேட்டுக்கொண்டார். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு பேசினார். "எல்லாச் சுருளும் ஒரே கைதான்" என்றார். "நான் ஒரு இடத்துல எதிரா வளைச்சிட்டேன். அதுவே ஒத்துக்கிடலை." அவ்வளவுதான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தீட்டுகிற நொதி கெட்டுப்போன கிருமியை என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். தீட்டவே வேண்டாத மருந்தாக, நேரே இந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிற மருந்தாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் சித்ரலேகா. கிடைத்ததா? இன்னும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் தேடுகிறார்கள். தானும் தேடுவதாகச் சொன்னாள்.

பேச்சியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லோரும் காப்பி குடிக்கப் போன பிறகு பெட்டிக்கு அருகே வந்தாள். இரண்டு மாணவிகள் மட்டும் அங்கே தங்கியிருந்தார்கள். எந்த இடம் பள்ளம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பேச்சியம்மாள் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினாள். "அந்தா, நாலு சிவப்பும் கூடுதே, அங்கன. இது கதவு, விலகும். செம்புல குட்டியா ஒண்ணு இருக்குல்லா, அதுதான் மாத்திரை." டீச்சர் யாரோ என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சங்கிலி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நான்கு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான்.

"பேச்சி, நேரமாச்சு. வா."

"இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "அந்தப் பக்கம் இன்னும் பாக்கலை." பெட்டியைப் பைய சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள்.